அயலவன் கிணறும் நம் மனச்சாட்சியும்



வெயிலிலே நடந்து வந்த ஒருவர் உங்கள் வீட்டுப் படலையைத் திறக்கின்றார். "ஒரு செம்பு தண்ணி தாங்கோ பிள்ளை" என்று கேட்கின்றார். நீங்கள் கொடுக்கின்றீர்கள். அவர் அண்ணாந்து குடித்துவிட்டு, "நல்ல தண்ணி" என்று சொல்லிச் செல்கின்றார். இதைவிடச் சாதாரணமான நிகழ்ச்சி நம் ஊர்களிலே வேறொன்றுமில்லை. ஆயினும் சற்று நின்று சிந்தித்துப் பாருங்கள். அந்த மனிதர் எதை நம்பிக் குடித்தார்? கண்ணால் பார்த்தார், தெளிவாயிருந்தது. நாவால் சுவைத்தார், உவர்ப்பு இல்லை. இவ்விரண்டுக்கும் அப்பால் அவர் நம்பியது உங்களையே. நீங்களோ உங்கள் கிணற்றை நம்பினீர்கள். அந்தக் கிணறு யாரை நம்பியிருக்கின்றது?

என் வீட்டுத் தண்ணீரை நான் சுத்தம் செய்து குடித்துவிட்டால் என் கடமை முடிந்துவிடுகின்றதா? அல்லது அயலவன் குடிக்கும் தண்ணீருக்கும் நான் கணக்குக் கொடுக்க வேண்டியவனா? இந்தக் கேள்வியையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

கலங்கல் தெளிவது எப்படி?

முதலில் தண்ணீர் எவ்வாறு குடிக்கத் தக்கதாக்கப்படுகின்றது என்பதைப் பார்ப்போம். கலங்கிய நீரைத் தெளிவிக்க நம் முன்னோர் தேற்றாங்கொட்டையைப் பயன்படுத்தினார்கள். மண்பானையின் உட்புறத்திலே அதைத் தேய்த்து, நீரை ஊற்றி, இரவு முழுவதும் அசையாமல் வைத்துவிடுவார்கள். விடியும்போது சேறு அடியில் இறங்கியிருக்கும். இவ்வழக்கம் எவ்வளவு பழையதென்றால், கலித்தொகையிலேயே அது உவமையாக வருகின்றது.

இன்றைய பெரிய நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் முதல் வேலை இதுதான். தேற்றாங்கொட்டைக்குப் பதிலாகப் படிகாரம் இடுகின்றார்கள். நீரிலே மிதக்கும் நுண்ணிய மண் துணிக்கைகள் யாவும் ஒரே வகையான மின்னேற்றம் உடையவை. ஆகையால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, அடியில் இறங்காமல் மிதந்துகொண்டேயிருக்கும். படிகாரம் அந்தத் தள்ளுதலை நீக்கி அவற்றை ஒட்டவைக்கின்றது. சிறு துணிக்கைகள் பஞ்சு போலத் திரண்டு, பாரமாகி, அடியில் படிகின்றன.

அடுத்தது மணல். 1829ஆம் ஆண்டில் ஜேம்ஸ் சிம்ப்சன் என்னும் பொறியியலாளர் இலண்டனிலே செல்சி நீர் வழங்கல் நிறுவனத்துக்காகப் பெரிய மணல் வடிகட்டியொன்றை அமைத்தார். மெதுவாக நீர் வடியும் இத்தகைய மணற்படுக்கையின் மேற்பரப்பிலே நாளடைவில் வழுவழுப்பான ஒரு படலம் உண்டாகின்றது. அப்படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள் நீரோடு வரும் நோய்க்கிருமிகளைப் பிடித்து அழிக்கின்றன.

கடைசியாகக் குளோரீன். அமெரிக்காவின் ஜேர்சி நகரத்துக் குடிநீருக்கு 1908ஆம் ஆண்டில் குளோரீன் சேர்க்கத் தொடங்கினார்கள். அதன்பின் அம்முறை அந்நாட்டு நகரங்களில் வேகமாகப் பரவியது. நெருப்புக் காய்ச்சலால் இறப்போர் தொகையும் குறைந்தது. நம் ஊரில் வெள்ளம் வடிந்த பின்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றில் இடுகின்றாரே, அந்த வெளிற்றும் தூள் செய்வதும் இதே வேலைதான். "மருந்து மணக்குது" என்று நாம் முகம் சுளிக்கின்றோம். ஆனால் நீரிலே எஞ்சி நிற்கும் அந்தச் சிறிதளவு குளோரீன், பின்னர் வந்து சேரும் கிருமியையும் கொல்வதற்காக நிற்கும் காவற்காரன்.

இந்த வேலைகள் எல்லாம் ஒழுங்காக நடந்தால் கலங்கல் நீங்கும், கிருமி சாகும். அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. மூன்று ஊர்களின் கதையைக் கேட்டால் அதன் காரணம் விளங்கும்.

தெளிந்த நீரும் கொல்லும்

1854ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் இலண்டன் நகரின் சோகோ பகுதியிலே கொலரா வெடித்தது. 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜோன் ஸ்னோ என்னும் மருத்துவர் வீடு வீடாகச் சென்று விசாரித்து, இறந்தவர்களிற் பெரும்பாலானோர் புரோட் வீதியிலிருந்த ஒரே குழாய்க் கிணற்றின் நீரைக் குடித்தவர்கள் எனக் கண்டார். அவருடைய வேண்டுகோளின்படி செப்டெம்பர் 8ஆம் திகதி அந்தப் பம்பின் கைபிடி கழற்றப்பட்டது.

அந்தத் தண்ணீர் கலங்கலாகவோ நாற்றமாகவோ இருந்திருக்கும் என்று நினைக்கின்றீர்களா? அதன் சுவைக்காகவே அது பெயர் பெற்றிருந்தது. அவ்விடத்தை விட்டுத் தொலைவிலுள்ள ஹம்ஸ்ரெட்டிற்குக் குடிபெயர்ந்த ஒரு விதவைத் தாய், அந்த நீரின் சுவையை மறக்க முடியாமல், நாள்தோறும் அதைப் போத்தலில் வருவித்துக் குடித்தார். அவரும் கொலராவால் இறந்தார்.

நோய் எங்கிருந்து வந்தது? அதைக் கண்டுபிடித்தவர் ஹென்றி வைற்ஹெட் என்னும் இளம் மதகுரு. ஸ்னோவின் கருத்துப் பிழையென்று காட்டுவதற்காகவே அவர் விசாரணையில் இறங்கினார். உண்மை மறுபக்கத்தில் இருப்பதைக் கண்டதும் அதை ஏற்றுக்கொண்டார். கிணற்றுக்கு அருகிலிருந்த வீட்டிலே ஐந்து மாதக் குழந்தையொன்று வயிற்றோட்டத்தால் வாடியது. தாய் குழந்தையின் துணிகளைக் கழுவி, அந்த நீரை வீட்டின் கழிவுக் குழியில் ஊற்றினாள். தோண்டிப் பார்த்தபோது அக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்று அடி கூட இருக்கவில்லை. செங்கற் கட்டும் உக்கிப் போயிருந்தது.

அந்தத் தாய் செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை. நோயுற்ற பிள்ளையைத் துப்புரவாக வைத்திருக்க முயன்றாள். அவளுடைய பிள்ளையும் இறந்தது, பின்னர் கணவனும் இறந்தான். அவளை நாம் குற்றவாளி என்று கூற முடியாது, ஏனெனில் அவளுக்குத் தெரியாது. ஆனால், வாசகர்களே, நமக்குத் தெரியும். குழியில் ஊற்றுவது கிணற்றுக்குப் போகும் என்பது இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விடயம். அறியாமை அவளுக்கு மன்னிப்பாகலாம். நமக்கு அது கைகொடுக்காது.

செலவைத் தள்ளிப்போட்ட நகரம்

இரண்டாவது ஊர் ஜேர்மனியின் ஹம்பேர்க். எல்பே ஆற்றின் கரையிலே ஹம்பேர்க்கும் அல்தோனாவும் அன்று அடுத்தடுத்த நகரங்கள். ஹம்பேர்க் செல்வம் கொழித்த துறைமுகம். அது ஆற்றின் மேற்பக்கத்திலிருந்து எடுத்த நீரை வடிகட்டாமலே மக்களுக்கு அனுப்பியது. வடிகட்டி அமைப்பதா, அதற்கான செலவை யார் ஏற்பது என்று பல்லாண்டு விவாதித்துக்கொண்டிருந்தது. அல்தோனாவோ கீழ்ப்பக்கத்திலே, ஹம்பேர்க்கின் கழிவும் கலந்த ஆற்றிலிருந்து நீரெடுத்தது. ஆனால் அதை மணலில் வடிகட்டிய பின்னரே வழங்கியது.

1892ஆம் ஆண்டில் கொலரா வந்தது. ஹம்பேர்க்கில் 8,600 பேர் வரையில் இறந்தனர். அல்தோனாவில் நோய் மிகக் குறைவு. இரு நகரங்களின் எல்லையாயிருந்த வீதியிலே ஒரு பக்கத்து வீடுகளில் மரணம், மறுபக்கத்து வீடுகளில் சுகம். காற்று ஒன்று, மண் ஒன்று, ஆறும் ஒன்று. குழாய்கள்தாம் வேறு. அடுத்த ஆண்டே ஹம்பேர்க்கின் வடிகட்டி இயங்கத் தொடங்கியது. முன்னர் மிச்சம் பிடித்த பணம் எங்கே போயிற்று? அதைச் செலுத்தியவர்கள் யார்? நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகளே அதன் பெரும்பங்கைத் தங்கள் உயிரால் செலுத்தினார்கள்.

பொய் எழுதிய பேனா

மூன்றாவது நிகழ்ச்சி நமது காலத்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே வோக்கேட்டன் என்பது ஒரு சிற்றூர். 2000ஆம் ஆண்டு மே மாதத்திலே பெருமழை பெய்தது. வயலில் இட்ட மாட்டெரு, வெடிப்புகள் நிறைந்த பாறையூடாக, ஊருக்கு நீர் வழங்கிய ஆழமற்ற கிணறொன்றினுள் இறங்கியது. 7 பேர் இறந்தனர். 2,300 பேர் வரையில் நோயுற்றனர்.

அங்கே குளோரீன் இல்லையா? இருந்தது. அதை இடும் கருவியும் இருந்தது. ஆனால் அதற்குப் பொறுப்பானவர்கள் போதிய குளோரீன் இடவில்லை. நாள்தோறும் அளந்து எழுத வேண்டிய அளவை அளக்காமலே, எழுத வேண்டிய இலக்கத்தை எழுதி வைத்தனர். நீர் கெட்டிருக்கின்றது என்ற பரிசோதனை அறிக்கை கைக்குக் கிடைத்த பின்னரும், விசாரித்த சுகாதார அதிகாரிகளிடம் தண்ணீர் நன்றாக இருப்பதாகவே சொல்லப்பட்டது. நீதிபதி ஒருவரின் தலைமையில் நடந்த விசாரணை இவற்றையெல்லாம் வெளிப்படுத்தியது.

இவர்கள் கொடியவர்களா? அப்படியில்லை. மற்றவர்களுக்குத் தீங்கு செய்ய எண்ணியவர்களும் அல்லர். எங்கள் ஊர்த் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நம்பி, மருந்திடாத நீரைத் தாங்களே குடித்தவர்கள். குளோரீன் மணக்கின்றதென்று ஊரவர்களும் முறையிட்டதுண்டு. ஒருவரும் பார்க்காத வேளையிலே செய்ய வேண்டிய சின்ன வேலையைச் செய்யாமல் விட்டார்கள், அவ்வளவுதான். அவர்கள் வெறுப்பினால் ஒன்றும் செய்யவில்லை. கவலையீனமும், அதை மறைக்க எழுதிய பொய்யும் ஏழு உயிர்களைக் கொண்டு போயின.

நம் காலடியில் உள்ள நீர்

இனி நம் வளவுக்குத் திரும்புவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றுமில்லை. மாரி மழை செம்மண்ணூடாக இறங்கி, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. கடல் நீரின் மேலே அந்த நன்னீர் மெல்லிய வில்லை போல மிதக்கின்றது. மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீருமாக உள்ள நிலாவரைக் கேணி இதற்கு நாம் எல்லோரும் அறிந்த சாட்சி. மணல் நீரை வடிகட்டும். வெடித்த சுண்ணாம்புக் கல்லோ வாய்க்காலைப் போன்றது. ஒரு வளவிலே இறங்குவது மறு வளவிலே அதிக வடிகட்டலின்றி எழும்பும்.

நமது உறுதிகளிலே காணியோடு கிணற்றுப் பங்கும் எழுதப்படுவதை நீங்கள் அறிவீர்கள். யாருக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்பதற்கு நொத்தாரிசு எழுதிய சான்று உண்டு. அந்தத் தண்ணீரைக் காக்கும் கடமையில் யாருக்கு எத்தனை பங்கு என்பதை எழுதிய உறுதி ஏதேனும் உண்டா?

பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரித்துப் பிரித்துக் காணிகள் இரண்டு பரப்பு, ஒரு பரப்பு என்று சுருங்கிவிட்டன. மலசலகூடக் குழி வெட்டும்போது நாம் என்ன செய்கின்றோம்? நம்முடைய கிணற்றிலிருந்து இயன்றளவு தூரமாக, வளவின் கடைசி மூலையிலே வெட்டுகின்றோம். நல்ல முன்யோசனைதான். ஆனால் அந்த வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்தோமா? நமது கடைசி மூலை அயலவனுடைய கிணற்றடியாக இருக்கலாம்.

"கிருமிதானே, கொதிக்க வைத்துக் குடித்தால் போகும்" என்று சிலர் சொல்லலாம். உண்மை. கொதிநீரிலே கிருமி சாகும். ஆனால் எல்லாத் தீங்கும் கிருமி அல்ல. தோட்டத்திலே அளவுக்கு மிஞ்சி இடும் உரத்திலிருந்தும், கழிவுக் குழிகளிலிருந்தும் நைத்திரேற்று என்னும் உப்பு நிலத்தடி நீரில் சேருகின்றது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் அதற்கு விதித்துள்ள எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றிலே அந்த எல்லைக்கு மேல் அது இருப்பதை 1980களிலிருந்து ஆய்வுகள் காட்டி வந்துள்ளன. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குளோரீன் அதை நீக்காது. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாக, எஞ்சிய நீரிலே அது இன்னும் செறிவடைகின்றது.

அதன் தீங்கு முதலில் யாருக்கு? புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு. நைத்திரேற்றுக் கூடிய கிணற்று நீரிலே பால்மாக் கரைத்துக் கொடுத்த குழந்தைகளின் உடல் நீலம் பாரிப்பதை, 1945ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஐயோவா மாநில மருத்துவர் ஹண்டர் கொம்லி எடுத்துக் காட்டினார். குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமற் போய்விடுகின்றது. கவனமுள்ள ஒரு தாய் தண்ணீரை நெடுநேரம் கொதிக்க வைத்துப் பால் கரைக்கின்றாள். அவளுடைய அந்தக் கவனமே நைத்திரேற்றைக் கூட்டிவிடுகின்றது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அவளுடைய பிள்ளையைக் காக்காது. அவளுடைய பிள்ளையைக் காக்கக் கூடியது வேலிக்கு அப்பால் இருக்கும் மனிதரின் மனச்சாட்சி.

ஆகவே நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. என் செம்பைச் சுத்தமாக்குவதோடு என் கடமை முடிவதில்லை. ஏனெனில் அயலவன் தன் வீட்டிலே எவ்வளவு கொதிக்க வைத்தாலும் நீக்க முடியாத ஒன்றை நான் அவனுடைய கிணற்றுக்குள் அனுப்பிவிட முடியும்.

சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பொறுப்பான மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே குற்றவாளியைச் சுட்டிக்காட்ட முடிந்தது. ஆனால் ஆயிரம் குழிகளும் ஆயிரம் உர மூட்டைகளும் சேர்ந்து கெடுக்கும் நீருக்கு எந்த நீதிமன்றம் யாரை அழைக்கும்? குற்றம் ஆயிரம் பேரிடையே பங்கிடப்படும்போது ஒவ்வொருவருடைய பங்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறுத்துவிடுகின்றது. குழந்தைக்கு வரும் தீங்கோ சிறுப்பதில்லை. இங்கே மனச்சாட்சி ஒன்றே நீதிமன்றம்.

சில மறுமொழிகள்

"உரம் போடாவிட்டால் என் பிள்ளைகள் எதைச் சாப்பிடுவது?" என்று தோட்டக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் அவருடைய சீவியம். உரத்தை அடியோடு விடும்படி யாரும் கேட்கவில்லை. பயிர் உண்ணாத உரம் கிணற்றுக்குத்தான் போகும். அது அவருடைய காசும் கூட. விவசாயத் திணைக்களம் சொல்லும் அளவில், ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடுவது அவருக்கும் நன்மை, அயலுக்கும் நன்மை. மருந்து தெளித்த கருவியைக் கிணற்றுக் கட்டிலே வைத்துக் கழுவாமலிருப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை.

"நான் மட்டும் திருந்தி என்ன பயன்?" என்பது இன்னொரு கேள்வி. அல்தோனா இப்படி நினைத்திருக்கலாம். மேலேயிருந்து கழிவு வருகின்றது, நாம் மட்டும் வடிகட்டி என்ன என்று விட்டிருக்கலாம். விடவில்லை. அந்த ஊர் பிழைத்தது.

"நாங்கள் போத்தல் தண்ணீர் வாங்குகின்றோம், எங்களுக்குப் பயமில்லை" என்பது மூன்றாவது. வாசகர்களே, இதுவே எனக்கு அதிகக் கவலை தருகின்றது. பிள்ளைக்கு நல்ல தண்ணீர் வாங்கிக் கொடுப்பது தவறல்ல. ஆனால் வசதியுள்ளவன் கிணற்றைக் கைவிட்ட நாளிலிருந்து கிணற்றைப் பற்றிப் பேசுவோர் குறைந்துவிடுகின்றனர். எஞ்சியிருப்பது வாங்க முடியாதவனும் அவனுடைய கிணறும். இன்று தாளையடியில் கடல் நீரையே நன்னீராக்கும் நிலையம் இயங்குகின்றது. அது நல்ல வேலை. எனினும் காலடியில் கிடந்த நன்னீரைக் காக்கத் தவறிவிட்டுக் கடலை வடிகட்டப் போவது எவ்வளவு செலவான பாதை என்பதையும் நாம் மறக்கலாகாது.

கடைசியாக ஒன்று. உங்கள் கிணற்று நீரைப் பரிசோதிக்கக் கொடுத்து, முடிவு கெட்டதாக வந்தால் என்ன செய்வீர்கள்? காணியின் விலை விழும், மகளுக்குக் கொடுக்க வைத்த வீடு, ஊர் கதைக்கும் என்றெல்லாம் எண்ணம் ஓடும். அந்தத் தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடத் தோன்றும். அவ்வேளையில் வோக்கேட்டனை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் ஒரு தாள்தான் மறைக்கப்பட்டது. நீங்கள் அதை எடுத்துக்கொண்டு போய் அயலவரிடம் காட்டுங்கள். அவருடைய கிணறும் அதே கல்லில்தான் இருக்கின்றது.

நாளைக்கும் ஒருவர் படலையைத் திறந்து தண்ணீர் கேட்பார். நீங்கள் செம்பை நிரப்பி இரு கைகளாலும் கொடுப்பீர்கள். அவர் கேள்வி ஒன்றும் கேட்காமல் குடிப்பார். அதற்கு முன்பாக இன்று மாலையே ஒரு தடவை உங்கள் வளவைச் சுற்றி நடந்து, கடைசி மூலைக்குப் போய், வேலிக்கு அப்பால் எட்டிப் பாருங்கள்.